சைலன்சர் மாற்றியபின் எரியும் செக் இன்ஜின் லைட்: காரணத்தைப் பிடிப்பது எப்படி

புது ஹெடரோ (இன்ஜினிலிருந்து புகையை வாங்கும் முதல் பைப்) டவுன்பைப்போ (அதற்கு அடுத்த பைப்) மாட்டி இரண்டு நாள் ஓட்டியதும் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால், பேட்டரி வயரைக் கழற்ற ஓடாதீர்கள். கழற்றினால் விளக்கு அணையும். கூடவே, கோளாறு பதிவான நொடியில் இன்ஜின் என்ன நிலையில் இருந்தது என்று இசியு (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) எழுதி வைத்த குறிப்பும் அழிந்துபோகும். நாலைந்து நாளில் விளக்கு திரும்ப வரும்போது மறுபடி ஒன்றிலிருந்து தேட வேண்டியிருக்கும். ஸ்கேனரில் எதையும் பார்க்காமல் 'கிளியர்' அழுத்துவதும் இதே தவறுதான்.

விளக்கு விட்டு விட்டு மின்னினால் அது வேறு விஷயம். அது மிஸ்ஃபயர், அதாவது சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் போவது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, உள்ளே இருக்கும் பீங்கான் கூட்டை உருக்கிவிடும். ஆக்சிலரேட்டரைத் தளர்த்தி வண்டியை ஓரம் கட்டுங்கள். நின்று எரியும் விளக்கு என்றால் நிதானமாகத் தேடலாம், ஓட்டவும் செய்யலாம்.

இங்கே சொல்லும் முறை பிஎஸ்4, பிஎஸ்6 பெட்ரோல் கார்களுக்கானது: ஒரு கன்வெர்ட்டர், அதற்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சர், பின்னால் ஒன்று. பைக்கில் மாறும் இடங்களைக் கடைசிக்குப் பக்கத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறோம்.

கை வைத்த இடம் எது?

இசியு பைப்பைப் பார்ப்பதில்லை. சென்சர் அனுப்பும் வோல்டேஜ் மட்டும்தான் அதற்குத் தெரியும். ஆகவே பைப் மாற்றிய இடம் எந்தச் சென்சருக்கு முன்னால், எதற்குப் பின்னால் என்று முதலில் ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். இன்ஜினிலிருந்து வால் வரை ஒரு கோடு, அதில் முன் சென்சர், கன்வெர்ட்டர், பின் சென்சர், ஃபிளெக்ஸ் பைப், மஃப்ளர். எங்கெங்கே புது வெல்டிங், புது கேஸ்கெட், புது ஜாயின்ட் என்று புள்ளி வையுங்கள். பாதி வேலை இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

பின் சென்சரைத் தாண்டி இருக்கும் பைப்பும் மஃப்ளரும் மட்டும் மாறியிருந்தால், அந்த மாற்றத்தால் விளக்கு வரக் காரணமே இல்லை. "பைப் பெரிசாகிவிட்டது, பேக் பிரஷர் குறைந்ததால் லைட் வருது" என்று பட்டறையில் சொல்வார்கள். பேக் பிரஷர் என்பது வெளியேறும் புகையைப் பைப் எதிர்த்துத் தள்ளும் அழுத்தம். சாதாரண பெட்ரோல் காரில் பேக் பிரஷரை அளக்க எந்த சென்சரும் கிடையாது. காற்றோட்டம் சற்று மாறினாலும் இசியு அதைத் தன் திருத்த எல்லைக்குள்ளேயே சமாளித்துக்கொள்ளும். பின்பக்க மாற்றத்துக்குப் பிறகு விளக்கு வந்தால் வேலை நடந்தபோது இழுபட்ட வயர், கழன்ற கப்ளர், பைப்பை நெம்பியதில் முன்னால் திறந்துகொண்ட பழைய ஜாயின்ட் என்று பாருங்கள். அதே வாரத்தில் தற்செயலாக வந்த வேறு கோளாறாகவும் இருக்கலாம்.

கன்வெர்ட்டரையே எடுத்திருந்தாலோ, செல் (உள்ளே உள்ள சிறு துளைகள்) குறைந்த ஹை-ஃப்ளோ கன்வெர்ட்டர் போட்டிருந்தாலோ பி0420 என்ற கோளாறு எண் (கோட்) வருவது எதிர்பார்க்க வேண்டியதுதான். ஹெடரை மாற்றியிருந்தால் சந்தேகம் முன் சென்சரைச் சுற்றி: லீக், சென்சர் இருக்கும் இடம், அதன் வயர்.

என்னென்ன வேண்டும்

ஸ்கேனரைச் செருகும் ஓபிடி போர்ட் ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும், 16 பின். அதில் செருகும் இஎல்எம்327 புளூடூத் அடாப்டரும் போனில் டார்க் அல்லது கார் ஸ்கேனர் போன்ற ஓர் ஆப்பும் போதும். ஆனால் மலிவு அடாப்டர்களில் வெர்ஷன் 2.1 என்று போட்டு வரும் பல நகல்கள் சில கட்டளைகளை விழுங்கிவிடும். டேட்டா மெதுவாக வந்தால் சென்சரின் ஏற்ற இறக்கம் கிராஃபில் தட்டையாகத் தெரிந்து உங்களைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும். வாங்கும்போது கொஞ்சம் கூடுதல் செலவு செய்யுங்கள்.

அடுத்து மல்டிமீட்டர், 22 மில்லிமீட்டர் சென்சர் சாக்கெட் (வயர் வெளியே வர பக்கவாட்டில் வெட்டு இருக்கும்), தண்ணீரில் பாத்திரம் கழுவும் லிக்விட் கலந்த ஸ்ப்ரே பாட்டில், காற்றை ஊதும் வசதியுள்ள வேக்குவம் கிளீனர் அல்லது புளோவர். ஸ்மோக் மெஷின் வைத்திருக்கும் பட்டறை பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

முதலில் படிப்பு, பிறகு அழிப்பு

ஸ்கேனரில் மூன்றையும் போனில் படமெடுத்து வையுங்கள்: பதிவான கோட், பென்டிங் கோட் (இன்னும் உறுதியாகாதது), ஃப்ரீஸ் ஃப்ரேம். ஃப்ரீஸ் ஃப்ரேம்தான் பொக்கிஷம். விளக்கு எரிந்த கணத்தில் ஆர்பிஎம், கூலன்ட் சூடு, வேகம், லோடு, ஷார்ட் டெர்ம், லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (இசியு பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற அளவு) எல்லாம் அதில் உறைந்து நிற்கும்.

இந்த வேலைக்குப் பிறகு வழக்கமாக வரும் கோட்கள் சில. பி0420 என்றால் கன்வெர்ட்டரின் திறன் போதவில்லை. பி0171 என்றால் கலவை லீன் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு) என்று இசியு நினைக்கிறது, பி0172 ரிச் (பெட்ரோல் அதிகம்). பி0131 முன் சென்சர் வோல்டேஜ் தாழ்ந்தே கிடக்கிறது, பி0133 அது மந்தமாக அசைகிறது. பி0137 பின் சென்சர் தாழ்ந்து கிடக்கிறது. பி0135 முன் சென்சர் ஹீட்டர் (சென்சரை உள்ளிருந்து சூடாக்குவது), பி0141 பின் சென்சர் ஹீட்டர். பி2096 கன்வெர்ட்டருக்குப் பின்னால் லீன். முன்னால் வைட்பேண்ட் சென்சர் (கலவையின் விகிதத்தையே அளக்கும் வகை) உள்ள கார்களில் பி0131-க்குப் பதில் பி2195 வரலாம்.

ஒன்றுக்கு மேல் கோட் இருந்தால் வரிசை முக்கியம். ஹீட்டர் கோட்களை முதலில் தீருங்கள், பிறகு மிஸ்ஃபயர், பிறகு லீன் அல்லது ரிச், பி0420 எப்போதும் கடைசி. முன்னால் லீக் இருந்தால் பி0171 வரும், அதன் தொடர்ச்சியாகவே பி0420-ம் வரலாம். லீக்கை அடைக்காமல் புது கன்வெர்ட்டர் வாங்குவது வீண் செலவு.

வயரும் ஹீட்டரும்

எளிதாக முடியும் வேலை இது, அதனால் முதலில். ஹெடர் மாற்றும்போது சென்சர் இடம் நகரும், பழைய வயர் எட்டாது, இழுத்துக் கட்டுவார்கள். ஒரு வாரத்தில் அது சூடான பைப்பைத் தொட்டு உருகும். ஹீட்டர் வயர் உருகி பாடியைத் தொட்டால் ஃப்யூஸ் போகும். பல கார்களில் இரண்டு சென்சர் ஹீட்டருக்கும் ஒரே ஃப்யூஸ். ஆகவே பி0135-ம் பி0141-ம் ஜோடியாக வந்தால் சென்சரைத் தொடாதீர்கள், ஃப்யூஸைப் பாருங்கள். ஃப்யூஸ் போயிருந்தால் புதிது போடுவதற்கு முன் உருகிய இடத்தைத் தேடுங்கள்.

ஃப்யூஸ் நன்றாக இருந்தால் கப்ளரைக் கழற்றி, ஆறிய சென்சரில் ஹீட்டரின் இரண்டு பின்களுக்கு இடையே ஓம் பாருங்கள். வழக்கமான நாலு வயர் சென்சரில் 5 முதல் 15 ஓம் வரை காட்டும். போஷ் எல்எஸ்யு 4.9 வகை வைட்பேண்டில் 3 ஓமுக்குச் சற்று மேல். மீட்டர் அசையவே இல்லையென்றால் ஹீட்டர் அறுந்துவிட்டது. எது ஹீட்டர் வயர் என்று நிறத்தில் தெரியும்: போஷ் சென்சரில் இரண்டு வெள்ளை ஹீட்டர், கறுப்பு சிக்னல், சாம்பல் அதன் எர்த். டென்சோவில் இரண்டு கறுப்பு ஹீட்டர், நீலம் சிக்னல், வெள்ளை எர்த். ஒரு கம்பெனிக்குப் பதில் இன்னொன்றை நிறம் பார்த்து இணைத்தால் என்ன ஆகும் என்று இதிலேயே விளங்கும். காரின் பக்கத்துக் கப்ளரில் இக்னிஷன் போட்டதும் ஒரு பின்னில் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும். சில கார்களில் இன்ஜின் ஸ்டார்ட் ஆனால்தான் வரும்.

வயரை நீட்ட வேண்டியிருந்தால் சால்டரிங் செய்யாதீர்கள். பல சென்சர்கள் தமக்கு வேண்டிய வெளிக்காற்றை வயரின் இழைகளுக்கு நடுவே உள்ள சந்து வழியாகத்தான் இழுத்துக்கொள்கின்றன. ஈயம் அந்தச் சந்தை அடைத்தால் சென்சர் பொய் சொல்ல ஆரம்பிக்கும். கிரிம்ப் செய்து வெப்பத்தில் சுருங்கும் ட்யூப் போடுங்கள், கப்ளருக்குள் கிரீஸ் தடவாதீர்கள். பொருத்தமான எக்ஸ்டென்ஷன் ஹார்னஸ் கிடைத்தால் அதுவே உத்தமம்.

லீக்: பெரும்பாலான தொல்லையின் வேர்

சைலன்சர் லீக் என்றால் புகை வெளியே போகும், அவ்வளவுதானே என்று தோன்றும். உண்மையில் காற்று உள்ளேயும் வரும். ஒவ்வொரு சிலிண்டரும் வெளித்தள்ளும்போது பைப்பில் அழுத்தம் துடிக்கிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததுக்கும் நடுவே அழுத்தம் வெளிக்காற்றைவிடத் தாழும். அந்த இடைவெளியில் மயிரிழை சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடும். முன் சென்சர் அந்த ஆக்சிஜனைப் பார்த்து "லீன்" என்கிறது. இசியு அதை நம்பி பெட்ரோலைக் கூட்டுகிறது. கலவை நிஜத்தில் ரிச் ஆகிறது, மைலேஜ் விழுகிறது, பிளக் கறுக்கிறது. ஆனால் ஸ்கேனர் சொல்வது லீன்.

ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) துடிப்புகளுக்கு நடுவே நேரம் அதிகம், உள்ளே இழுபடும் காற்றும் அதிகம். ஆர்பிஎம் ஏறும்போது பைப் முழுக்கப் புகை நிரம்பி, லீக்கின் தாக்கம் கரையும். இந்தக் கணக்குதான் உங்கள் துப்பு.

இப்படி ஒரு ஃப்ரீஸ் ஃப்ரேம் வந்ததாக வைத்துக்கொள்வோம்: பி0171, 780 ஆர்பிஎம், கூலன்ட் 91 டிகிரி, வேகம் பூஜ்யம், ஷார்ட் டெர்ம் +7, லாங் டெர்ம் +18. இரண்டையும் கூட்டினால் +25 சதவீதம். இப்போது இன்ஜினைச் சூடாக்கி, 2500 ஆர்பிஎம்மில் ஒரு நிமிடம் பிடித்துக் கூட்டலைப் பாருங்கள். +5-க்கோ +6-க்கோ இறங்கினால் காற்று எங்கோ நுழைகிறது. இறங்காமல் அப்படியே நின்றாலோ லோடு ஏற ஏறக் கூடினாலோ பெட்ரோல் பம்ப், ஃபில்டர், இன்ஜெக்டர், மாஃப் சென்சர் (உள்ளே போகும் காற்றை அளப்பது) பக்கம் போங்கள். சைலன்சர் குற்றவாளி இல்லை.

ஐடிலில் மட்டும் கூடும் ட்ரிம்முக்கு இன்டேக் பக்க (இன்ஜினுக்குள் காற்று போகும் பக்க) வேக்குவம் லீக்கும் காரணமாகலாம். இரண்டையும் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. பல சிறிய கார்களில் காற்றை அளப்பது மாஃப் அல்ல, மேப் சென்சர். அது மேனிஃபோல்டின் அழுத்தத்தைப் பார்ப்பதால், சந்து வழி நுழைந்த காற்றும் கணக்கில் வந்துவிடும். அப்படிப்பட்ட காரில் வேக்குவம் லீக் இருந்தால் ட்ரிம்மைவிட ஐடில் ஆர்பிஎம்தான் ஏறும். ஐடில் ஒழுங்காக நின்று, ட்ரிம் மட்டும் +20 என்றால் கை நேராக ஹெடர் கேஸ்கெட்டுக்குப் போகட்டும். மாஃப் உள்ள காரில் இந்தக் குறிப்பு உதவாது. பிரேக் பூஸ்டர் ஹோஸையும் பிசிவி ஹோஸையும் (இன்ஜினுக்குள் சேரும் ஆவியை இன்டேக்குக்குக் கொண்டுபோவது) ஒவ்வொன்றாக நெரித்துப் பிடித்து ட்ரிம் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். பெட்ரோல் பங்குகளில் இப்போது கிடைப்பது இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் அதிகமானால் அதே காற்றுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். கலப்பில்லாத பெட்ரோலுக்கு 14.7-க்கு 1 என்ற விகிதம், இ10-க்குச் சுமார் 14.1, இ20-க்குச் சுமார் 13.5. இ10-க்கு ட்யூன் செய்த கார் இ20-ல் ஓடும்போது ட்ரிம் +4, +5 என்று நிற்பது இயல்பு. அந்த அளவைப் பார்த்து லீக் என்று முடிவு கட்டாதீர்கள். ஆனால் அதன் மேல் லீக்கும் சேர்ந்தால், முன்பு விளக்கு வராமல் தப்பிய வண்டியிலும் வரும்.

லீக்கைக் கண்ணால் பார்க்க இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கு முன் செய்யுங்கள். சூட்டில் உலோகம் விரிந்து சின்னச் சந்துகளை அடைத்துவிடும். வால் பைப்பில் புளோவரின் வாயைத் துணி சுற்றிப் பொருத்தி ஊதவிடுங்கள். சோப்புத் தண்ணீரை ஹெட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு ஜாயின்டாக அடித்துக்கொண்டே வாருங்கள்: ஹெடர் ஃப்ளேஞ்ச் (ஹெட்டோடு சேரும் தட்டு), கலெக்டர் வெல்டிங், சென்சர் நட்டின் அடி, வி-பேண்ட் கிளாம்ப், ஃபிளெக்ஸ் பைப்பின் பின்னல். பெரிய லீக் புஸ்ஸென்று நுரையை ஊதித் தள்ளும், அது யாருக்கும் தெரியும். சின்ன லீக்கில் கடுகு அளவு குமிழிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மெல்லப் பூத்து, வெள்ளை நுரைக் கோடாக நிற்கும். ஐந்து வினாடி பொறுத்துப் பார்த்தால்தான் தெரியும். அடித்துவிட்டு உடனே அடுத்த இடத்துக்கு நகர்பவர்கள் தவறவிடுவது இந்த வகையைத்தான்.

புளோவர் இல்லையென்றால், ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, ஒருவர் கனத்த ஈரத்துணியால் வால் பைப்பை முக்கால்வாசி மூடட்டும். லீக் உள்ள இடத்தில் 'டிக் டிக்' என்றோ சீறலாகவோ சத்தம் கேட்கும். மூடிய ஷெட்டுக்குள் இதைச் செய்யவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. சில நூறு கிலோமீட்டர் ஓடிய லீக் என்றால் ஜாயின்டைச் சுற்றிக் கரி படிந்த விசிறி வடிவக் கறை இருக்கும்.

பெரும்பாலும் அகப்படும் இடங்கள் இவை. பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டது. லோக்கல் ஹெடரின் ஃப்ளேஞ்ச் வெல்டிங் சூட்டில் வளைந்தது. ஒரு நேர்ஸ்கேலை மேலே வைத்துப் பார்த்தால் நடுவில் வெளிச்சம் தெரியும், லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தத்தான் வேண்டும், கேஸ்கெட்டை இரட்டிப்பாக்கினால் நிற்காது. மூன்றாவது, சென்சர் நட்டை வெளியே மட்டும் புள்ளி வெல்டிங் அடித்து விட்டது. சந்தை அடைக்க சாதாரண சிலிகான் பேஸ்ட் தடவும் பழக்கம் ரொம்பவே இருக்கிறது. வேண்டவே வேண்டாம். அதன் ஆவி சென்சர் முனையில் வெள்ளைப் படலமாகப் படிந்து சென்சரைக் கொன்றுவிடும், அந்தச் சூட்டில் பேஸ்ட்டும் தாங்காது. பேஸ்ட்டே வேண்டும் என்றால் சென்சர் சேஃப் என்று எழுதியிருப்பதும் சைலன்சர் சூட்டுக்கானதும் மட்டும்.

சென்சர் உட்கார்ந்திருக்கும் விதம்

லீக் இல்லை, வயர் நன்றாக இருக்கிறது, பி0133 விடாமல் வருகிறது என்றால் புது ஹெடரில் சென்சர் இருக்கும் இடத்தைப் பாருங்கள். கம்பெனி வைத்த இடத்தைவிட வெகு தூரம் பின்னால் தள்ளினால் சென்சர் சூடேற நேரமாகும், பதிலும் தாமதமாக வரும். ஒரே சிலிண்டரின் பைப்பில் வைத்தால் அந்த ஒரு சிலிண்டரின் நிலவரத்தை மட்டும் சொல்லும். எல்லாப் பைப்பும் சேரும் கலெக்டருக்குப் பிறகுதான் வைக்க வேண்டும். நட்டு ரொம்பத் தடிமனாக இருந்தால் சென்சர் முனையின் துளைகள் புகையோட்டத்துக்கு வராமல் குழிக்குள்ளேயே ஒளிந்திருக்கும்.

கோணமும் உண்டு. சென்சரின் வயர் பக்கம் மேலே இருக்கும்படி, தரைமட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரி உயர்த்தி வைக்க வேண்டும். கீழ்நோக்கி வைத்தால் ஆறிய பைப்பில் திரளும் நீர் சென்சருக்குள் இறங்கும், அடுத்த ஸ்டார்ட்டில் ஹீட்டர் சூடானதும் உள்ளிருக்கும் பீங்கான் விரிசல் விடும்.

மரை கார்களில் பெரும்பாலும் எம்18, பிட்ச் 1.5. இறுக்கம் பொதுவாக 40 முதல் 50 நியூட்டன் மீட்டர். உங்கள் சென்சருக்கென்று கம்பெனி தந்த எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். மரையில் மட்டும் ஆன்ட்டி-சீஸ் (மரை இறுகிப்போகாமல் தடுக்கும் பசை) லேசாகத் தடவலாம், முனையில் படக்கூடாது. புது சென்சரில் பெரும்பாலும் தடவியே வரும். வண்டியிலேயே வெல்டிங் அடிப்பதானால் பேட்டரி நெகட்டிவையும் இசியு கப்ளரையும் சென்சர்களையும் கழற்றிவிட்டு, எர்த் கிளாம்பை வெல்டிங் இடத்துக்குப் பக்கத்திலேயே பிடிக்கச் சொல்லுங்கள்.

பி0420-ஐச் சோதிக்கும் முறை

கன்வெர்ட்டருக்குள் செரியம் கலந்த பூச்சு ஒன்று இருக்கிறது. கலவை லீன் ஆகும்போது மிஞ்சும் ஆக்சிஜனை அது பிடித்து வைத்து, ரிச் ஆகும்போது விடுவிக்கும். இசியு சோதிப்பது புகையின் சுத்தத்தை நேரடியாக அல்ல, இந்தச் சேமிப்புத் திறனை. முன் சென்சர் 0.1-க்கும் 0.9 வோல்டுக்கும் இடையே ஊசலாட, பின் சென்சர் 0.6 முதல் 0.8 வோல்ட்டில் சோம்பலாக நிற்க வேண்டும். பின் சென்சரும் கூடவே ஊசலாடினால் நடுவில் சேமிப்பு இல்லை என்று பொருள். கம்பெனி கன்வெர்ட்டரில் சதுர அங்குலத்துக்கு 400, 600 செல் என்று இருக்கும்; ஹை-ஃப்ளோவில் 200. செல் குறைந்தால் பூச்சு படியும் பரப்பும் குறைகிறது. உலோகக் கூடு தரமாக இருந்தாலும், பூச்சு மெலிவாக இருந்தால் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே சோதனையில் தோற்கும்.

ஐடிலில் வைத்து இதை முடிவு செய்யாதீர்கள். கன்வெர்ட்டர் சூடே ஏறியிருக்காது. இருபது நிமிடம் ஓட்டிவிட்டு, காலியான நேர் சாலையில் பக்கத்தில் ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருக்க, மூன்றாம் கியரில் 3000 ஆர்பிஎம்முக்குக் கொண்டுபோய் ஆக்சிலரேட்டரை முழுக்க விடுங்கள். பெட்ரோல் நின்றுபோகும், இரண்டு சென்சரும் பூஜ்யத்தை நோக்கி விழும். நாலைந்து வினாடி கழித்து மெல்ல மிதியுங்கள். முன் சென்சர் உடனே எழும். பின் சென்சர் சில வினாடி தாமதித்து எழுந்தால் கன்வெர்ட்டர் உயிரோடு இருக்கிறது. அந்தத் தாமதம், பெட்ரோல் நின்றபோது ஆக்சிஜனால் நிரம்பிய சேமிப்பு மறுபடி சமநிலைக்கு வர எடுக்கும் நேரம். இரண்டும் கைகோத்து எழுந்தால் கன்வெர்ட்டர் போய்விட்டது, அல்லது உள்ளே கூடே இல்லை. முன்னால் வைட்பேண்ட் சென்சர் என்றால் அது 0.1, 0.9 என்று ஆடாது. லாம்டா 1-ஐ (காற்றும் பெட்ரோலும் சரியான விகிதத்தில் இருக்கும் அளவு) ஒட்டி நிற்கும். பின் சென்சரைப் படிக்கும் முறை அதே.

கன்வெர்ட்டருக்கும் பின் சென்சருக்கும் நடுவே லீக் இருந்தாலும் பி0420-ம் பி0137-ம் வரலாம். பின் சென்சர் 0.1-லேயே ஒட்டிக் கிடந்தால் முதலில் அந்த ஜாயின்டில் சோப்புத் தண்ணீர் அடியுங்கள்.

பொல்யூஷன் சான்றிதழ் மையத்தின் கேஸ் மெஷினும் ஒரு கைகண்ட சோதனைதான். 2500 ஆர்பிஎம் சுற்றில் லாம்டா 0.97-க்கும் 1.03-க்கும் நடுவே, கார்பன் மோனாக்சைடு 0.2 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். கார்பன் மோனாக்சைடு குறைவாக இருந்தும் லாம்டா 1.05-ஐத் தாண்டினால் பைப்பில் லீக் என்று வையுங்கள். கார்பன் மோனாக்சைடு தூக்கலாக இருந்தால் கன்வெர்ட்டர் வேலை செய்யவில்லை, அல்லது கலவை ரிச்.

விளக்கை ஏமாற்றுவது பற்றி

பின் சென்சருக்கு அடியில் நீள நட்டு வைத்துப் புகையோட்டத்திலிருந்து விலக்குவது, ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் வைத்த சிமுலேட்டர், இசியுவில் அந்தச் சோதனையையே மென்பொருளில் அணைப்பது என மூன்று வழி சந்தையில் உண்டு. செய்யாதீர்கள் என்பதே எங்கள் கருத்து, காரணம் சட்டம் மட்டுமல்ல. பல இசியுக்கள் பின் சென்சரை வைத்துத்தான் முன் சென்சரின் நுண்ணிய பிழையைத் திருத்துகின்றன. பின் சென்சருக்குப் பொய் ஊட்டினால் கலவையே மெல்ல நகரும். நாளைக்கு நிஜமாக மிஸ்ஃபயர் வந்து கன்வெர்ட்டர் வெந்தாலும் உங்களுக்குச் செய்தி வராது.

சட்டமும் தெளிவு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் தந்த வடிவை மாற்றுவதைத் தடுக்கிறது. 182ஏ(4)-ன் கீழ் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ விதிக்கலாம். ஒலி, புகை அளவை மீறினால் 190(2)-ன்படி முதல் முறைக்கு 10,000 ரூபாய் வரை. கன்வெர்ட்டரை எடுத்தவர்களுக்கு நாங்கள் சொல்வது ஒன்றே: பழையதைப் பத்திரமாக வைத்திருந்தால் திரும்ப மாட்டுங்கள், அல்லது உங்கள் இன்ஜின் அளவுக்கும் பிஎஸ் நிலைக்கும் பொருந்தும் கன்வெர்ட்டர் போடுங்கள். வேறு எந்த வழியிலும் பி0420 நேர்மையாக அணையாது.

பைக் என்றால்

பிஎஸ்6 பைக்குகளில் சீட்டுக்கு அடியில் பெரும்பாலும் 6 பின் கப்ளர் இருக்கும். 16 பின்னுக்கு மாற்றும் கேபிள் தனியாக வாங்க வேண்டும். சென்சரின் மரை பெரும்பாலும் எம்12. அதற்கு 20 முதல் 25 நியூட்டன் மீட்டர் போதும், காருக்கு இறுக்கியதுபோல் இறுக்கினால் மரை பிய்ந்துவிடும். பல பைக்குகளில் கன்வெர்ட்டர் பென்ட் பைப்பிலோ அதன் அடியிலோ இருப்பதால், கடைசிக் குழலை மட்டும் மாற்றினால் விளக்கு வராது. முழு சிஸ்டம் மாற்றி, பைப்பில் சென்சர் துளை இல்லையென்று சென்சரைத் தொங்கவிட்டால் அது வெளிக்காற்றைப் பார்த்து லீன், லீன் என்று கத்தும். இசியு பெட்ரோலைக் கொட்டும். துளை வெல்டிங் செய்யாமல் வேறு வழியில்லை.

ஆக்சிலரேட்டரை விட்டதும் பட்டாசு வெடிப்பதுபோல் சத்தம் வந்தால் அது பெரும்பாலும் பென்ட் பைப் கேஸ்கெட் லீக். ஆறிய பைக்கில் பழைய கேஸ்கெட் வளையத்தை நகத்தால் நெம்பி எடுத்துவிட்டுப் புதிது போடுங்கள். பழையது அடியில் ஒட்டியிருக்க அதன் மேலேயே புதிது போட்டுவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. 650 சிசி இரட்டை சிலிண்டர் பைக்கில் இரு பைப்புக்கும் தனித்தனி சென்சர். கப்ளர்கள் இடம் மாறினால் ஒரு பக்கம் ரிச்சாகவும் மறுபக்கம் லீனாகவும் எல்லை வரை ஓடும். ஒன்று +25, மற்றது −25 என்று கண்டால் கப்ளரை மாற்றிப் போடுங்கள்.

சரிசெய்தபின்

இப்போதுதான் கோட்களை அழிக்க வேண்டும். அழித்ததும் ட்ரிம்மும் பூஜ்யத்துக்கு வரும், இசியு தன் சுய சோதனைகளை முதலிலிருந்து தொடங்கும். ஸ்கேனரில் 'ரெடினஸ்' பக்கத்தில் கேட்டலிஸ்ட், ஆக்சிஜன் சென்சர், ஹீட்டர் என்ற மூன்றும் 'முடியவில்லை' என்று காட்டும். இரவு முழுக்க ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் ஐடில், நகருக்குள் பத்து நிமிடம், பிறகு நெடுஞ்சாலையில் 60 முதல் 90 கிலோமீட்டர் வேகத்தில் பத்து நிமிடம் ஒரே சீராக, நடுவில் நாலைந்து முறை பிரேக் தொடாமல் ஆக்சிலரேட்டரை விட்டு வேகம் குறைத்தல். டேங்க் கால்வாசிக்கும் முக்காலுக்கும் நடுவே இருக்கட்டும். மிகக் குறைவாகவோ நிறைவாகவோ இருந்தால் சில கார்கள் சில சோதனைகளைத் தள்ளிப்போடும்.

பல கோளாறுகளுக்கு இசியு அடுத்தடுத்த இரண்டு பயணங்களில் தவறு கண்டால்தான் விளக்கை ஏற்றும்; முதல் பயணத்தில் பென்டிங் என்று மட்டும் குறித்து வைக்கும். அதனால் வண்டியைத் திரும்பக் கொடுத்த அன்று விளக்கு இல்லை என்பதில் அர்த்தமே இல்லை. மூன்று நாள் கழித்து பென்டிங் பக்கம் காலியாக, ரெடினஸ் மூன்றும் 'முடிந்தது' என்று, லாங் டெர்ம் ட்ரிம் ஐடிலிலும் 2500-லும் ஒரே மாதிரி ±5-க்குள் இருக்கிறதா என்று பாருங்கள். ஐடிலில் +9, 2500-ல் +3 என்று இருந்தால் விளக்கு வராவிட்டாலும் எங்கோ இன்னும் சந்து மிச்சமிருக்கிறது. புது கேஸ்கெட்டும் சூடேறி ஆறி உட்கார்ந்திருக்கும் நேரம் இது. 100 கிலோமீட்டர் ஓடியபின் ஆறிய நிலையில் ஃப்ளேஞ்ச் நட்டுகளை ஒரு முறை முறுக்கிப் பார்த்துவிட்டு, மறுபடி சோப்புத் தண்ணீர் அடியுங்கள்.